காந்தமும் பொருளும் – 23: வேகம் மட்டும் போதவில்லை

திண்மப் பொருள்களின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை ஒரு வேகப் பட்டியலாகவே எழுதி முடித்துவிடுகிறார்கள். பொருளை அடைத்துச் சுழற்றும் ரோட்டர் 7 மி.மீ. விட்டமானால் நொடிக்கு 7,000 சுற்று, 4 மி.மீ. ரோட்டர் 15,000, 2.5 மி.மீ. 35,000, 1.3 மி.மீ. 67,000, 0.7 மி.மீ. 1,11,000 என்று அது இறங்கு விட்டமும் ஏறு வேகமுமாகப் போகும். பட்டியலில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதைப் படிக்கிறவருக்கு, வேகம் கூடக்கூடச் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தாமே கழன்றன, மிச்சமிருந்தது பொறியாளர்களின் திறமை மட்டும்தான் என்று தோன்றும். அந்தத் தோற்றம் தவறு. அந்தப் பட்டியலுக்குள் டெல்லிக்கு இடமில்லாமல் போனதற்கும் இந்தத் தவறே காரணம். வேகச் சுழற்சியின் கதை உண்மையில் இரண்டு சுழற்சிகளின் கதை. ஒன்று, பொருளையே பிடித்துச் சுழற்றுவது. மற்றது, பொருளுக்குள் இருக்கும் அணுக்கருக்களின் ஸ்பின்னை வானலைத் துடிப்புகளால் சுழற்றுவது. முதலாவது வேகமெடுத்த ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டாவதைப் புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. அந்தச் சிந்தனையில் ஒரு முக்கியமான அடி 2006ஆம் ஆண்டு டெல்லி ஹவுஸ் காஸிலுள்ள ஐ.ஐ.டி.யின் வேதியியல் துறையும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து எடுத்து வைத்தது.

அங்கே போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் முன்பே பார்த்த கே.எஸ். கிருஷ்ணனை இங்கே மறுபடி நினைவுகூர்வது பொருத்தம். வத்திராயிருப்பில் பிறந்து, டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, 1947 முதல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். 1930களில் அவர் செய்த பெரிய வேலை, சிறு படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எந்தத் திசையில் திரும்புகிறது, எவ்வளவு விசையோடு திரும்புகிறது என்று அளந்தது. படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறும். அந்த மாற்றத்திலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்று ஊகிக்கலாம். கிருஷ்ணனுக்குத் திசை என்பது தகவல். என்.எம்.ஆர். வந்தபின் அதே திசைச் சார்பு தொல்லையாக மாறியது. திண்மப் பொருளில் ஒவ்வொரு புரோட்டானும் ஒரு சிறு காந்தம். பக்கத்திலுள்ள அணுக்கரு அதனிடத்தில் உண்டாக்கும் புலம் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இரண்டையும் இணைக்கும் கோடு வெளிக் காந்தப்புலத்தோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. திரவத்தில் மூலக்கூறு கணத்துக்குக் கணம் புரண்டுகொண்டே இருப்பதால் இந்தச் சார்பு சராசரியில் பூஜ்யமாகிவிடும். கோடுகள் ஊசிபோல மெலிந்து நிற்கும். பொடியாக்கிய திண்மத்தில் எல்லாத் திசைகளும் உண்டு, எதுவும் புரளாது. அதனால் நூறு கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் ஒரே ஒரு அகன்ற மேடுதான் தெரியும்.

மூலக்கூறு தானாகப் புரளாவிட்டால் நாம் பிடித்துச் சுழற்றினால் என்ன? 1958இல் வேல்ஸின் பேங்கர் நகரில் ரேமண்ட் ஆண்ட்ரூவும் அவரோடு பிராட்பரி, ஈட்ஸ் ஆகியோரும் இதைச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இர்விங் லோ தனியாக அதே முடிவுக்கு வந்தார். சுழலச்சு காந்தப்புலத்தோடு 54.74 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கனசதுரத்தின் மூலைவிட்டம் அதன் விளிம்போடு செய்யும் கோணம் அதுதான். அந்த அச்சைச் சுற்றிச் சுழலும்போது பொருளுக்குள் எந்தத் திசையில் எந்த இணைப்பு இருந்தாலும், ஒரு முழுச் சுற்றில் அதன் திசைச் சார்பு கூட்டிக் கழித்துப் பூஜ்யமாகிவிடும். மாயக்கோணம் என்று பெயர் வந்துவிட்டாலும் மாயம் ஒன்றுமில்லை, பள்ளி வடிவியல்தான். ஆண்ட்ரூ குழு முதலில் எடுத்துக்கொண்டது சாதாரண உப்புப் படிகம், அதிலுள்ள சோடியம். இந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். உப்பில் சோடியம் அணுக்கருக்களுக்கு இடையிலான இணைப்பு மிகச் சிறியது. அன்று கைக்கு எட்டிய, நொடிக்குச் சில நூறு, ஆயிரம் சுற்றுகள் என்ற வேகத்திலேயே பலன் தெரிந்துவிடும். வெல்லக்கூடிய களத்தைத் தேர்ந்தெடுத்து வென்றார்கள் என்பதில் குறையில்லை. ஆனால் வேதியியலாளர்களுக்கு வேண்டியது உப்பு அல்ல. பிளாஸ்டிக், மருந்து, புரதம் ஆகியவைதான் அவர்களுக்கு வேண்டும். அவற்றில் புரோட்டான்கள் மொய்த்துக் கிடக்கின்றன. ஒரு கார்பனில் ஒட்டிய இரண்டு புரோட்டான்களுக்கு இடையிலான இணைப்பு மட்டுமே 20 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் (நொடிக்கு ஆயிரம் சுற்று ஒரு கிலோஹெர்ட்ஸ்). கார்பனும் அதில் ஒட்டிய புரோட்டானும் பிணைந்திருப்பது சுமார் 23 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு. ஆண்ட்ரூவின் உருளை எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் இந்த எண்களுக்கு முன்னால் அது ஆமை வேகம்.

அப்படியானால் வேகத்தைக் கூட்டு என்பதுதான் இயல்பான பதில். கூட்டினார்கள். எப்படிக் கூட்டினார்கள் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ரோட்டரைச் சுழற்றுவது அழுத்தக் காற்று. அதைத் தாங்குவதும் காற்றுப் படலம்தான். ஆகவே ரோட்டரின் புறப்பரப்பு ஒலியின் வேகத்தை நெருங்கும்போது மேற்கொண்டு வேகமெடுப்பது கடினமாகிவிடுகிறது. 4 மி.மீ. ரோட்டரின் சுற்றளவு 12.6 மி.மீ.; நொடிக்கு 15,000 சுற்று என்றால் அதன் பரப்பு நொடிக்குச் சுமார் 190 மீட்டர் ஓடுகிறது. 1.3 மி.மீ. ரோட்டர் 67,000 சுற்றில் ஏறக்குறைய 270 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலி வேகம் 340 மீட்டர் சொச்சம். எனவே சுற்று எண்ணிக்கை பெருக வேண்டுமானால் விட்டம் சுருங்கியே ஆக வேண்டும். 1.3 மி.மீ. ரோட்டரின் விளிம்பில் அமர்ந்திருக்கும் பொடித்துகள் மீது புவியீர்ப்பைப்போல் ஒரு கோடி மடங்குக்கும் மேலான விசை அழுத்துகிறது. சிர்க்கோனியாப் பீங்கான் தவிர வேறெதுவும் எளிதில் தாங்காது. காற்றின் உராய்வினால் மாதிரி சில பத்து டிகிரி சூடேறும். புரதமாக இருந்தால் குளிர்ந்த காற்றை ஊதிக் காப்பாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வைக்கும் பொருளின் அளவு குறுகிவிடுகிறது. 4 மி.மீ. ரோட்டரில் பல பத்து மில்லிகிராம் அடங்கும். 1.3 மி.மீ. ரோட்டரில் இரண்டு மில்லிகிராமை ஒட்டி, 0.7 மி.மீ. ரோட்டரில் அரை மில்லிகிராமை ஒட்டி. வேகத்துக்குக் கொடுக்கும் விலை சமிக்ஞையின் வலு. வேகப் பட்டியல் இந்த விலையைக் காட்டுவதில்லை.

விலை கொடுத்தாவது வாங்கிவிட்டோமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 1979இல் மாரிக்கும் வாவும் எழுதிய கட்டுரை இங்கே முக்கியம். சில இணைப்புகள் தனித்தனியானவை. ஒரு அணுக்கருவின் மின்மறைப்பு திசைக்குத் திசை மாறுவது அப்படிப்பட்டது. அதற்கு மெதுவான சுழற்சியே போதும், அகன்ற மேடு பல கூர்மையான கோடுகளாக உடைந்துவிடும். புரோட்டான்கள் ஒன்றோடொன்று பின்னிய வலை அப்படியல்ல. சராசரி பூஜ்யமாக வேண்டுமென்றால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை அணுக்கருவின் நிலை மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பக்கத்துப் புரோட்டான் தன் நிலையை இன்னொன்றோடு மாற்றிக்கொண்டுவிடுகிறது. சுற்றின் முதல் பாதியில் சேர்ந்ததை இரண்டாம் பாதி சரியாகக் கழிப்பதில்லை. இதன் விளைவாக, புரோட்டான் கோட்டின் அகலம் வேகத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில்தான் குறையும். வேகத்தை இரட்டித்தால் அகலம் பாதியாகும், அவ்வளவே. எந்த எல்லையிலும் பிரச்சினை அடியோடு ஒழியாது. 1,00,000 சுற்றிலும் புரதத்தின் புரோட்டான் கோடுகள் திரவத்தில் தெரிவதைவிட மிக அகலமாகத்தான் இருக்கின்றன.

ஆகவே இரண்டாவது சுழற்சி. 1965இல் லீ, கோல்ட்பர்க் இருவரும் ஒரு வழி சொன்னார்கள்: பொருளை அசைக்காமலே, தகுந்த அளவு விலக்கிய அலைவெண்ணில் வானலையைச் செலுத்தி, ஸ்பின்னை அதே 54.74 டிகிரி சாய்ந்த அச்சைச் சுற்றிச் சுழற்றலாம் என்று. 1968இல் வாவின் குழு நான்கு துடிப்புகள் கொண்ட வரிசை ஒன்றைத் தந்தது. பிறகு 1976இல் ஷேஃபரும் ஸ்டெஸ்கலும் மாயக்கோணச் சுழற்சியையும், புரோட்டானிலிருந்து கார்பனுக்கு முனைவாக்கத்தைக் கடத்தும் முறையையும், அந்தக் கார்பனைப் புரோட்டான்களின் பிடியிலிருந்து வானலையால் விடுவிக்கும் முறையையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இந்த விடுவிப்பைத்தான் ஆய்வகங்களில் டீகப்ளிங் என்கிறார்கள். அந்தக் கூட்டணியிலிருந்துதான் திண்ம என்.எம்.ஆர். அன்றாடக் கருவியானது. சுழற்சி மட்டும் இருந்திருந்தால் ஆகியிருக்காது. ஷேஃபர், ஸ்டெஸ்கல் காலத்துச் சுழற்சி சில கிலோஹெர்ட்ஸ் மட்டுமே, கார்பன்–புரோட்டான் இணைப்பை அது தனியாக அடக்கவே முடியாது. அடக்கியது டீகப்ளிங். வேகப் பட்டியலில் 1976க்கு எதிரே ஒரு சிறிய எண்தான் இருக்கும். ஆனால் துறையின் தலைவிதி மாறியது அந்த ஆண்டில்.

இரண்டு சுழற்சிகளும் ஒன்றுக்கொன்று உதவும் என்று நினைத்தால், அவை முட்டிக்கொள்ளவும் செய்யும். 1988இல் ஓஸ், கிரிஃபின், லெவிட் மூவரும் இதைத் துல்லியமாகக் காட்டினார்கள். வானலை புரோட்டானைச் சுழற்றும் வேகம் ரோட்டர் சுழலும் வேகத்துக்குச் சமமாகவோ சரியாக இரு மடங்காகவோ இருந்தால், சுழற்சி அழித்த இணைப்பு திரும்பி வந்துவிடும். இரு வேறு தாளங்கள் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் ஒரே சமத்தில் வந்து விழுந்தால் எப்படி அழுத்தம் கூடிக்கொண்டே போகுமோ அப்படி, கழிய வேண்டிய பிழைகள் சுற்றுக்குச் சுற்று கூடுகின்றன. ஆகவே வேகத்தைத் தனியாகவும் துடிப்பைத் தனியாகவும் தேர்ந்தெடுக்க முடியாது. ரோட்டரை மாற்றினால் துடிப்பு வரிசையையும் மாற்றியாக வேண்டும். வேகச் சுழற்சியின் வரலாற்றில் இதைவிட முக்கியமான உண்மை இல்லை என்பேன்.

தொண்ணூறுகளின் நிலைமை இது: ரோட்டர்கள் 10 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை வந்துவிட்டன; டீகப்ளிங்குக்கு 80 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் அளவு வலுவான வானலையைத் தொடர்ந்து செலுத்துவது வழக்கம். ஆனால் சுழற்சி வேகம் கூடக்கூட, தொடர்ச்சியான வானலை எதிர்பார்த்ததைவிட மோசமாக வேலை செய்தது. புரோட்டானின் மின்மறைப்புத் திசைச் சார்பும் கார்பன்–புரோட்டான் இணைப்பும் ஒன்றோடொன்று பெருகி உண்டாகும் எச்சம் கோட்டை அகலமாக்கியது. 1995இல் எம்.ஐ.டி.யின் கிரிஃபின் குழுவைச் சேர்ந்த பென்னெட், ரியன்ஸ்ட்ரா, ஓஜே, லக்ஷ்மி ஆகியோர் எளிய மருந்து கண்டார்கள். தொடர் அலைக்குப் பதில், ஸ்பின்னை ஏறத்தாழ அரைச் சுற்று திருப்பும் துடிப்புகளை அடுத்தடுத்துக் கொடு; ஒன்றின் கட்டம் சற்று முன்னால், அடுத்ததன் கட்டம் அதே அளவு பின்னால். இதுதான் டி.பி.பி.எம். இரண்டே எண்களைச் சரிசெய்தால் போதும், துடிப்பின் கால அளவும் கட்ட வேறுபாடும். உலகம் முழுக்க உடனே எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் அது நுணுக்கமாக அடிமைப்பட்டிருந்தது. ரோட்டரைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளின் நடுவில் வானலை வலுவாகவும் ஓரங்களில் வலு குன்றியும் இருக்கும். நடுவிலுள்ள பொடிக்குச் சரியான கால அளவு ஓரத்திலுள்ள பொடிக்குச் சரியில்லை. காந்தப்புலம் உயரஉயர வெவ்வேறு புரோட்டான்களின் அலைவெண்கள் விலகிப்போகின்றன. ஒன்றுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. 2006இல் ஆர்.எஸ். தாக்குர், நாராயணன் டி. குரூர், பி.கே. மது மூவரும் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தில்தான் நுழைகிறது. தாக்குரும் குரூரும் டெல்லி ஐ.ஐ.டி.; மது மும்பை டாட்டா நிறுவனம். அவர்களின் யோசனை: கட்டத்தைத் தொடாதே, வானலையின் வலுவைத் தொடாதே, ஒவ்வொரு ஜோடித் துடிப்பின் கால அளவை மட்டும் சிறிதிலிருந்து பெரிதுக்கு நகர்த்து. பதினொரு ஜோடிகள். சரியான அளவை 1 என்று வைத்தால், அவை 0.78, 0.86, 0.94, 0.96, 0.98, 1, 1.02, 1.04, 1.06, 1.14, 1.22 என்று போகின்றன. இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நடுவில் இரண்டிரண்டு சதவீதமாக நிதானமாக நகர்கிறது. இரு ஓரங்களிலும் எட்டெட்டு சதவீதமாகத் தாவுகிறது. பெரும்பாலான பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே அதிக நேரம் செலவிட்டு, விலகி நிற்பவற்றை ஓரங்களில் தொட்டுவிட்டு வருகிறது. கால அளவு மாறும்போது கட்டமாற்றத்தின் அலைவெண்ணும் மாறுவதால் இதை அலைவெண் வருடும் டி.பி.பி.எம். என்று அழைக்கிறார்கள். கால அளவைச் சற்றுத் தவறாக வைத்தாலும், புரோட்டானின் அலைவெண் சற்று விலகியிருந்தாலும் கோடு கெடுவதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அதே மூவர் இதைத் திரவப் படிகங்களுக்கு நீட்டினார்கள்; இவ்வகை வரிசைகள் ஏன் வேலை செய்கின்றன என்ற கணக்கையும் எழுதினார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு எதிர்பார்த்ததே: இது டி.பி.பி.எம்.மின் திருத்தம்தானே, புதிய கொள்கை எங்கே? கொள்கை புதிதில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். 2000இல் ஃபங் குழு தந்து, வெளியே பெயர் பெற்ற ஸ்பைனல்-64 என்ற வரிசையும் அதே கட்டமாற்றக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை யாரும் வெறும் திருத்தம் என்று ஒதுக்கவில்லை. பரிசோதனை அறிவியலில் ஒரு முறை சிறந்த கையில் சிறந்த நாளில் என்ன தருகிறது என்பது ஒரு அளவுகோல். சாதாரணக் கையில் சாதாரண நாளில் என்ன தருகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை உயர்த்துவது சின்ன வேலை என்று நினைப்பவர்கள், வாரக்கணக்கில் ஓடும் புரதப் பரிசோதனையின் நடுவில் கம்பிச்சுருளின் இசைவு மெல்ல நழுவுவது எத்தனை சாதாரணம் என்பதை மறந்துவிடுகிறார்கள். விலையுயர்ந்த புது வன்பொருள் எதுவும் கேட்காமல், இருக்கும் கருவியில் பதினொரு எண்களை எழுதினால் போதும் என்பது, கருவி நேரம் அரிதான நாட்டிலிருந்து வந்த யோசனைக்கு இயல்பான குணம்கூட.

இரண்டாவது மறுப்புதான் கனமானது. 60, 100 கிலோஹெர்ட்ஸ் என்று சுழற்சி ஏறிவிட்டால் டீகப்ளிங்கே தேவைப்படாது; ஆகவே 2006இன் வேலை ஒரு இடைக்காலத்துக்கு மட்டும் உரியது, வேகம் வந்து அதை விழுங்கிவிட்டது என்பது வாதம். இதில் பாதி உண்மை உண்டு. 2001இல் மத்தியாஸ் எர்ன்ஸ்ட், ஆகோ சமோசன், பெயட் மையர் மூவரும் காட்டியபடி, மிக வேகமான சுழற்சியில் மிகக் குறைந்த வானலையே போதும். வானலைத் திறன் புலத்தின் இருமடியைப் பொறுத்தது. 100 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் திறன் நூறில் ஒரு பங்கு, மாதிரி சூடேறுவதும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் முட்டல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரோட்டர் 60 கிலோஹெர்ட்ஸில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானலை 60இல் இருக்கக் கூடாது, 120இல் இருக்கக் கூடாது. இரண்டும் மேலே சொன்ன ஒத்ததிர்வு இடங்கள். சரிபாதியான 30இல் புரோட்டான்–புரோட்டான் இணைப்பு திரும்பி வருகிறது. எனவே ஒன்று 120க்கு வெகுமேலே போய்க் கம்பிச்சுருளை எரிக்கும் அபாயத்தை ஏற்க வேண்டும், அல்லது 30க்கு வெகுகீழே இறங்க வேண்டும். பழைய வேகத்தில் 90 என்று கவலையின்றி வைத்த காலம் போய்விட்டது. வேகம் துடிப்புச் சிந்தனையை விழுங்கவில்லை. அதை ஒரு குறுகிய சந்துக்குள் தள்ளிவிட்டது. 2010, 2011 ஆண்டுகளில் வி.எஸ். மித்து, சுப்ரதீப் பால், குரூர், மது ஆகியோர் எடுத்துக்கொண்ட கேள்வி சரியாக இதுதான்: மிக வேகச் சுழற்சியில் டீகப்ளிங் எப்படி இருக்க வேண்டும்? டெல்லி–மும்பைக் கூட்டு 2006இல் எழுதிவிட்டு நின்றுவிடவில்லை. ரோட்டர் வேகம் மாறியதும் அதன் பின்னால் போய்த் தங்கள் வரிசையையே மறுபடி சோதித்துப் பார்த்தது. ஒரு முறையைக் கண்டுபிடித்தவர்களே அதன் எல்லையைத் தேடிப்போவது எல்லா இடங்களிலும் நடப்பதில்லை.

அப்படியும் 100 கிலோஹெர்ட்ஸ் என்ற எல்லைக்கோடு இருக்கிறதே என்று கேட்கலாம். அதிலும் இந்தியர் ஒருவர் இருக்கிறார். 2014இல் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான புரதத்திலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் சுழற்சியில் முப்பரிமாண அமைப்பைக் கண்டறிந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் விபின் அகர்வால். ஜூரிக்கில் மையரோடும், ரோட்டர் செய்த எஸ்டோனியாவின் சமோசனோடும் செய்த வேலை அது. பின்னர் அவர் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஹைதராபாத் மையத்துக்கு வந்தார். அந்தப் பரிசோதனையில் புரோட்டானையே நேராகக் கேட்க முடிந்ததால், பொருள் குறைந்ததால் போன சமிக்ஞையின் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது; வேகத்தின் பக்கம் நிற்பவர்களின் மிகச் சிறந்த சாட்சி இது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமைப்பைக் கண்டறிய என்ன வேண்டும்? எந்தப் புரோட்டான் எதற்கு அருகில் என்ற தூரங்கள் வேண்டும். அந்தத் தூரங்கள் இருப்பது சுழற்சி அழித்துவிட்ட அதே இணைப்புகளில்தான். அழித்ததைத் தேவையான இடத்தில் மட்டும் திரும்பக் கொண்டுவருவது துடிப்பின் வேலை. ஹைதராபாத்தில் அகர்வால் குழு தொடர்ந்து செய்துவருவதும் அதுதான்: வேகமாகச் சுழலும் திண்மத்தில் குறிப்பிட்ட புரோட்டான்களுக்கு இடையே மட்டும் இணைப்பை மீட்கும் வரிசைகள். ரோட்டர் எவ்வளவு சிறிதானாலும் இந்த வேலை அதன் கைக்கு அப்பாற்பட்டது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் வாசகருக்கு ஓர் எடுத்துக்காட்டு. டீகப்ளிங் கட்டுரைகளில் பெயர் வந்த அதே மித்து, 2011இல் மும்பைக் குழுவோடு சேர்ந்து, அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு பீட்டா 42 திரளில் துத்தநாக அயனி என்ன செய்கிறது என்று திண்ம என்.எம்.ஆர். கொண்டு பார்த்தார். புரதத்தின் 23ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலமும் 28ஆம் இடத்து லைசினும் எதிரெதிர் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று பற்றியிருக்கும். துத்தநாகம் அந்தப் பிடியை விடுவிக்கிறது, ஆனால் கொண்டை ஊசிபோல் மடிந்த மொத்த அமைப்பு மாறுவதில்லை என்பது முடிவு. படிகமாகாத, திரவத்தில் கரையாத இப்படியொரு பொருளைப் பற்றி இந்த அளவு துல்லியமாகப் பேச வேறு முறைகள் அன்று அதிகமில்லை. கோட்டின் அகலத்தில் சில ஹெர்ட்ஸ் குறைப்பதற்காக இத்தனை பாடுபடுவது இந்த இடத்தில்தான் பயனாக முடிகிறது.

மூன்றாவது மறுப்பு ஒன்று உண்டு. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதி ஒப்புதல்தான். ரோட்டர் வெளியே செய்யப்படுகிறது, கருவி வெளியிலிருந்து வருகிறது, காந்தம் வெளியிலிருந்து வருகிறது. இங்கே எழுதுவது எண்களை மட்டும்தானே என்பது அந்த மறுப்பு. எண்களை மட்டும் எழுதுவது இழிவல்ல என்பதை இவ்வளவு நேரம் வாதித்தேன். ஆனால் டாலின் நகரில் சமோசன் தன் பட்டறையில் ரோட்டரைத் தானே கடைந்ததால்தான், அடுத்த வேகம் எப்போது வரும், அதில் என்ன கேள்வி எழும் என்று உலகுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. சிறிய நாடு எஸ்டோனியா. மக்கள்தொகை சென்னையின் மக்கள்தொகையைவிடக் குறைவு. துடிப்பு வரிசையை எழுதுகிறவர் ரோட்டர் சந்தைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால், அவர் பதில் சொல்பவராகத்தான் இருக்க முடியும், கேள்வி எழுப்புபவராக அல்ல. டெல்லியும் மும்பையும் மிக நல்ல பதில்கள் தந்தன. முதல் கேள்விகளை எழுப்பியவை பெரும்பாலும் பேங்கர், டாலின், ஜூரிக், எம்.ஐ.டி. வேகத்தையும் துடிப்பையும் பிரிக்க முடியாது என்று இந்தப் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டு, வேகத்தை இறக்குமதிக்கு விட்டுவிடலாம் என்று முடிப்பது முரண்.

ஹைதராபாத்தில் டாட்டா நிறுவனத்தின் திண்ம என்.எம்.ஆர். குழுக்கள் இருக்கின்றன. அதே நகரில்தான் பொடி உலோகவியலுக்கும் புதிய பொருள்களுக்குமான சர்வதேச மேம்பட்ட ஆய்வு மையமும் இருக்கிறது. நுண்பீங்கான் அதன் துறைகளில் ஒன்று. டெல்லி ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் துறையும் வேதியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான சிர்க்கோனியாக் குழலைச் சில மைக்ரான் துல்லியத்தில் கடைந்து, காற்றுத் தாங்கியில் நிறுத்தி, நொடிக்கு லட்சம் சுற்றுச் சுழற்றுவது கடினமான வேலை. ஆனால் இந்த நாட்டில் இதற்குத் தேவையான ஒவ்வொரு கைத்திறனும் தனித்தனியாக ஏதோ ஒரு இடத்தில் இருக்கிறது. நிதி வழங்கும் அமைப்புகள் அடுத்த பெரிய காந்தத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, அதில் ஒரு சிறு பங்கை ஒரு ரோட்டர் பட்டறைக்கு ஒதுக்க வேண்டும்.